கொழுப்பு கரைந்த தெரு

என் பெண்டாட்டிக்குக் கொழுப்பு அதிகம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பங்குச்சாமியார் சொல்வார், ரேஷன் கடைக்காரன் சொல்வான், தோல் பதனிடும் டேனரியின் மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். கடைசியில் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரும் அதையே சொன்னபோது செசிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதக் கண்டுபிடிக்கவா ஊசியால குத்துன? இந்தா ஒக்காந்திருக்கானே எம் புருசன், இவங்கிட்டக் கேட்டிருந்தா ஓசியிலயே சொல்லிருப்பான்.”

டாக்டர் சுகிர்தா சின்னப் பெண். அவளும் சிரித்தாள். சிரித்த முகம் மாறுவதற்குள் கெட்ட செய்தியைச் சொல்லிவிட்டாள். ரத்தத்தில் சேருகிற கொழுப்பை எப்படி வெளியேற்றுவது என்று உடம்புக்குச் சொல்லித்தருகிற, மரபணு என்கிற எழுத்து ஒன்று இருக்கிறதாம். செசிலிக்கு அந்த எழுத்தில் பிறவியிலேயே பிழை. அவள் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அதே பிழை இருந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தவர்கள். செசிலியின் இதயத்துக்குப் போகிற குழாயும் பாதிக்குமேல் அடைத்துக்கிடந்தது. மாத்திரைக்குக் கேட்காது. புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறது, மாதம் ஒன்று போட வேண்டும், இலவசம் என்றாள்.

“யாரு குடுக்குறது இலவசமா?” என்றேன்.

“டேனரிக் கம்பெனிதான் ஐயா. உங்க தெருவுக்காக முகாம் போட்டிருக்காங்க.”

நாற்பது வருசத்துக்குமேல் அந்தக் கம்பெனியில் தோல் சுமந்தவன் நான். அவர்கள் எனக்குச் சும்மா கொடுத்தது இருமல் ஒன்றுதான்.

“ஊசிக்குள்ள என்னம்மா இருக்கு?”

“மருந்துன்னு சொல்ல முடியாது. ஒரு சேதி. ‘இந்த நொதியைச் செய்’னு எழுதுன சின்ன ஆர்.என்.ஏ. துண்டு. அதை அப்படியே உடம்புக்குள்ள விட்டா ரத்தமே கடிச்சுத் துப்பிடும். அதனால கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைக்குள்ள வச்சு அனுப்புறோம். ஈரல் அதைப் பிரிச்சுப் படிச்சு நொதியைச் செய்யும். நொதி போய்க் கொழுப்பை வெட்டும். கொஞ்ச நாள்ல சேதி தானாச் சிதைஞ்சிடும். அதுக்குத்தான் மாசாமாசம் போடுறது.”

“நொதின்னா?”

“என்சைம்.”

அது எனக்குத் தெரிந்த பெயர். சுண்ணாம்பிலிருந்து எடுத்த ஆட்டுத்தோலை டிரம்மில் போட்டுச் சுற்றும்போது அந்தப் பொடியைத்தான் கொட்டுவோம். தோலில் ஒட்டியிருக்கும் கொழுப்பைத் தின்னும். அலசாமல் விட்டுவிட்டால் தோலையும் தின்னும்.

“அதுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாதே” என்றேன்.

“அது வேற, இது வேற ஐயா. இது ஒரே பூட்டுக்குச் செஞ்ச சாவி. வேற கதவத் தொறக்காது.”

“சாவி செஞ்சவன் அப்பிடித்தான் சொல்லுவான்.”

“யோவ், கொஞ்சம் மூடு” என்று செசிலி தோளைக் காட்டினாள். “நீ போடு டாக்டரு. கொளத்துக் கூட்டத்துக்கு நான் உசுரோட இருக்கணும்.”

கூட்டம் இதுதான். கம்பெனி இரண்டாவது யூனிட் கட்டப் போகிறது. கழிவுச் சேற்றைக் கொட்டுவதற்கு எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற ஒட்டங்குளத்தைக் கேட்கிறது. எங்கள் குழாயில் வருவது அந்தக் குளத்து ஊற்றுத் தண்ணீர். ஜனங்களைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்டு, அவர்கள் சரி என்றால்தான் அரசாங்கம் அனுமதி தரும். முன்பு ஒரு முறை கேட்டார்கள். செசிலி எழுந்து பேச ஆரம்பித்ததும் மைக்கை அணைத்தார்கள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. வந்த அதிகாரி தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஊசி நன்றாகத்தான் வேலை செய்தது. மேட்டுத் தெருவில் மூச்சு வாங்காமல் குடம் தூக்கி வந்தாள். முகத்தில் தெளிவு வந்தது. நான்தான் கம்பெனியை வீணாகச் சந்தேகப்படுகிறேனோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் காலையில், “ஏங்க, காப்பி எடுத்துக்கிறீங்களா?” என்று குரல் கேட்டது.

யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்து வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. செசிலி என்னைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கு நான் ‘யோவ்’தான். மாதா கோயிலில், என் அம்மா எதிரில், சாமியார் எதிரில், எல்லா இடத்திலும் ‘யோவ்’.

“என்ன, கிண்டலா?” என்றேன்.

“இல்லீங்க” என்றாள்.

அதற்கடுத்த வாரம் கம்பெனி லாரி எங்கள் குழாயடிக்குப் பின்பக்கமாக நகர்ந்து வந்து நின்றது. கூட்டம் நடப்பதற்கு முன்பே கழிவைக் கொட்டிப் பார்க்கிறார்கள். டிரைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முன்பு அந்தப் பக்கம் வந்தபோது செசிலி எறிந்த கல் அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கும். அவளோ குடத்தை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு லாரிக்கு வழி விட்டாள். நீலம் பாய்ந்த சேறு சரிந்து அவள் காலடி வரைக்கும் வந்தது.

“பாத்துக்கிட்டு நிக்கிற?” என்றேன்.

“பாவங்க. அவன் வேலைய அவன் பாக்குறான்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை, நடிப்பும் இல்லை. கல்லை எறிகிற கை எதுவோ அது இல்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தெருவை உற்றுப்பார்த்தேன். முகாமில் முதலில் நோயாளிகளுக்கு மட்டும்தான் ஊசி. பிறகு, லேசாகக் கொழுப்பு இருந்தாலும் போட்டுக்கொள்ளலாம் என்று கம்பெனி வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள். தெருவே சிரித்தது. மாமியார்கள் மருமகள்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள், “இவளுக்கு ரெண்டாப் போடும்மா” என்று. இப்போது குழாயடியில் சண்டை இல்லை. ரேஷன் கடைக்காரன் எடையைக் குறைத்தால் கேட்க ஆள் இல்லை. குடும்பங்களில் சமாதானம் பெருகியிருக்கிறது என்று சாமியார் பூசையில் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

அடுத்த வீட்டு பாஸ்குவிடம் கேட்டேன். அவன் பெண்டாட்டி விண்ணரசியும் ஊசி போட்டவள்.

“வீடு கோயிலாட்டம் இருக்குண்ணே” என்றான். “சும்மா கெடக்குறதப் போயி நோண்டாத.”

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சுகிர்தா என்னைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினாள்.

“எம் பொண்டாட்டிக்கு என்ன செஞ்சீங்க?”

“எனக்கும் சந்தேகம் வந்துருச்சு ஐயா” என்றாள். “நேத்துத்தான் உறுதியாச்சு. கோவம் வர்றதுக்கும், ஒருத்தரை எதிர்த்து நிக்கிறதுக்கும் உடம்புக்குள்ள தூது போற பொருள் இருக்கு. ஹார்மோன்னு சொல்லுவோம். அதுல சிலதைக் கொழுப்புல இருந்துதான் உடம்பு செய்யுது. எங்க நொதி அந்தத் தூதையும் வழியிலயே வெட்டிப்போடுது.”

“ஒரே பூட்டுன்னு சொன்னீங்க.”

“இன்னொரு பூட்டும் அதே மாதிரி இருக்கும்னு எங்களுக்குத் தெரியல.”

“கண்ணு முன்னாடிதான எல்லாரும் வந்து போனாங்க. கேக்கலையா?”

“மாசாமாசம் கேட்டேன். எதாவது மாத்தம் தெரியுதான்னு. பொம்பளைங்க ‘நல்லா இருக்குங்க’ன்னாங்க. கூட வந்த புருசன்மார் ‘இப்பத்தாம்மா நல்லா இருக்கு’ன்னாங்க. நான் மருந்து கேக்குதுன்னு சந்தோசப்பட்டேன்.”

“பொண்டாட்டி சண்டை போடலன்னு எவனாச்சும் ஆஸ்பத்திரிக்கு வருவானாம்மா?”

கம்பெனிக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னாளாம். ‘கூட்டம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்றார்களாம். கூட்டத்துக்கு முன்னால் தெரு முழுக்க இன்னொரு முறை ஊசி போடவும் ஏற்பாடாம். முதலில் அவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்த பிறகு நிறுத்தவில்லை.

“செசிலிக்கு நிறுத்திட்டா?”

“பழையபடி ஆயிடுவாங்க. கொழுப்பும் பழையபடி ஏறும். அவங்க குழாய் இருக்குற நிலைமைக்கு எப்ப வேணா மார்வலி வரும். வந்தா என்னால காப்பாத்த முடியும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். முடிவு அவங்கதான் எடுக்கணும்.”

“முடிவு எடுக்குறதுக்கு அவ எங்க இருக்கா?”

வீட்டுக்கு வந்து செசிலியை எதிரில் உட்காரவைத்து, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

“ஊசி வேணுமா?”

“நீங்க சொன்னாச் சரிங்க.”

“வேணாம்னு சொன்னா?”

“அதுவும் சரிங்க.”

“செத்துப்போவடி.”

“சரிங்க” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சாப்பிட வாரீங்களா?” என்றாள்.

நான் ஊசியை நிறுத்தினேன்.

பிறகு இரண்டு காதையும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு காது அவள் மூச்சுக்கு, இன்னொன்று அவள் வாய்க்கு. அவள் இருமினால் எழுந்துவிடுவேன். அவள் மெழுகிய வாசலில் வேண்டுமென்றே வெற்றிலை எச்சிலைத் துப்பினேன். ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தாள். மறுநாளும் துப்பினேன், துடைத்தாள். கஞ்சியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினேன், உப்புக் கொண்டுவந்தாள். இப்படியே போய்க்கொண்டிருந்தது. முகாம் நெருங்க நெருங்க எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது.

ஒரு நாள் துப்பிவிட்டுத் திரும்பினேன். துடைப்பம் வந்து முதுகில் விழுந்தது.

“யோவ். கண்ணு அவிஞ்சா போச்சு? இது என்ன வாசலா, ஒன் வாயா?”

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் இன்னும் திட்டினாள், என் அப்பன் வரைக்கும் போனாள். நடுவில் நின்று, இடது தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

உட்காரவைத்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். குழாயடியில் லாரிக்கு வழி விட்டதைச் சொன்னபோது அவள் முகம் கறுத்தது. ஊசியை நிறுத்தியதைச் சொன்னபோது எழுந்துவிட்டாள்.

“யாரக் கேட்டு நிறுத்துன?”

“ஒன்னத்தான் கேட்டேன்.”

“அவகிட்டக் கேட்ட. எங்கிட்டக் கேட்டியா?”

“நீ இல்லையேடி கேக்குறதுக்கு.”

“ஊசி போட்டவன் என்னக் கேக்காமக் கொழுப்ப எடுத்தான். நீ என்னக் கேக்காமத் திருப்பிக் குடுத்த. ரெண்டு பேருக்கும் என்னய்யா வித்தியாசம்? இனிமே எனக்காக எவனும் பேசக் கூடாது. நீயும்தான்.”

அன்றைக்கே தெருவில் இறங்கினாள். ஊசி போட்ட பெண்களிடம் சொல்வது சுலபமாக இருந்தது. ‘போட்டுக்காதடி’ என்றால் ‘சரிங்கக்கா’ என்றார்கள். சாயங்காலம் புருசன் ‘வா முகாமுக்கு’ என்றால் அதற்கும் சரி என்பார்கள். அதனால் அவள் ஆண்களிடம் சண்டைக்குப் போக வேண்டியதாயிற்று.

“எங்க வீட்டு நிம்மதிய ஏன்க்கா கெடுக்குற?” என்றான் பாஸ்கு.

“அவ ரத்தத்த வெட்டி நீ நிம்மதி குடிக்கிறியாடா? ஒனக்கு என்னைக்காச்சும் கோவம் வந்தா நீயும் போயிப் போட்டுக்கறியா?”

பாஸ்கு தலையைத் திருப்பிக்கொண்டான். பேசிமுடித்த வீடுகளில் சரி என்றவர்கள் கொஞ்சம் பேர்தான். வீட்டுக்கு வீடு நடந்தாள், கத்தினாள், நடுநடுவே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேட்டுத் தெருத் திருப்பத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போடவில்லை.

“இப்பப் போட்டா உயிர் நிக்கும்மா. ஆனா கூட்டத்தன்னிக்கு நீங்க நீங்களா இருக்க மாட்டீங்க. போடலன்னா கூட்டம் வரைக்கும் இருப்பீங்களான்னே தெரியாது. உங்க இஷ்டம்.”

செசிலி டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

“நல்லவேள, பேசாம இருந்த” என்றாள். “சாகுறதுக்கு எனக்கு இஷ்டம் இல்லய்யா. போடு டாக்டரு.” ஊசி ஏறும்போது என் கையைப் பிடித்தாள். “கூட்டத்தன்னிக்கு என்ன வீட்டுலயே வையி. அங்க வந்து ஒக்காந்தா அது நான் இல்ல. நீ போ. போயி ஒனக்காகப் பேசு.”

“எனக்குப் பேச வராதேடி.”

“கத்து. அது வரும்ல?”

கொஞ்ச நாளில் ‘ஏங்க’ வந்துவிட்டது.

கூட்டம் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். நல்ல வெயில். மேடையில் அதிகாரி, பக்கத்தில் மேனேஜர். கீழே எங்கள் தெரு. ஊசி போட்டவர்களை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள், எல்லோரும் சிரித்த முகம். செசிலி பேச்சைக் கேட்டு நிறுத்திய வீடுகள் பின்னால் சிதறிக் கிடந்தன. அவர்களில் இரண்டு பேர் எழுந்து குளத்தைக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். அதிகாரி கேட்டுக்கொண்டார். நான் எழுந்து கத்தினேன். நீளமாகக் கத்தவில்லை, இருமல் வந்துவிட்டது. அதையும் கேட்டுக்கொண்டார்.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. மேனேஜரின் ஆள் கதவைத் திறந்துவிட, உள்ளேயிருந்து செசிலி இறங்கினாள். ஈஸ்டருக்கு உடுத்தும் சேலையை உடுத்தியிருந்தாள்.

நான் ஓடினேன். “ஏண்டி வந்த?”

“கூப்பிட்டாங்க. வந்தேங்க.”

அவளை முன்வரிசைக்குக் கொண்டுபோனார்கள். மேனேஜர் மைக்கைக் கையிலெடுத்துக் கும்பிட்டார். “போன தடவ இந்த அம்மாதான் உங்களுக்காகப் பேசுனாங்க. அவங்க சொன்னா நாங்க கட்டுப்படுறோம். அம்மா, ரெண்டாவது யூனிட் வந்தா தெருவுக்கு நல்லதுதானே? கொளத்தக் குடுக்கச் சம்மதம்தானே?”

மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

“சரிங்க” என்றாள் செசிலி.

அதிகாரி பேனாவைத் திறந்தார். பின்னால் யாரோ ஒரு பெண் “அக்கா” என்றாள், அழுகிற குரலில்.

அவளுக்காக நான் பேசக் கூடாது. பேசவும் இல்லை. அதைவிடக் கேவலமான காரியம் ஒன்றைச் செய்தேன்.

“செசிலி” என்று கத்தினேன். “வேணாம்னு சொல்லு.”

“சரிங்க. வேணாங்க” என்றாள் மைக்கில்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். மேனேஜர் அவசரமாக, “அம்மா, யூனிட் வேணும்தானே?” என்றார்.

“சரிங்க. வேணுங்க.”

“வேணாம்னு சொல்லுடி.”

“வேணாங்க.”

“எந்திரி” என்றேன். எழுந்தாள். “ஒக்காரு.” உட்கார்ந்தாள். “கொளத்துல போயி விழுன்னு மேனேஜர் சொல்லுறாரு.”

“சரிங்க” என்று எழுந்து, செருப்பைத் தேடினாள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவள் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொன்றுக்காகக் குனிந்தபோது விண்ணரசியும் எழுந்து தன் செருப்பைத் தேடினாள். பிறகு முன்வரிசையில் இன்னும் இரண்டு பேர். மேனேஜர் சொன்னார் என்றதும் அவர்களுக்கும் சரியாகப் பட்டிருக்கிறது. பாஸ்கு எழுந்து ஓடிவந்து பெண்டாட்டியின் தோளைப் பிடித்து, “ஒக்காரு, நீ ஒக்காரும்மா” என்று குழறினான்.

அதிகாரி பேனாவை மூடினார். “என்ன நடக்குது இங்க?”

பின்வரிசையிலிருந்து டாக்டர் சுகிர்தா எழுந்து வந்தாள். ஊசியைப் பற்றியும் நொதியைப் பற்றியும், கம்பெனியிடம் தான் சொன்னதையும் அவர்கள் தனக்குச் சொன்னதையும் மேனேஜர் எதிரிலேயே சொன்னாள். இனிமேல் அவளுக்குக் கம்பெனி கொடுத்த முகாம் வேலை இல்லை என்பது சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊசி போட்ட யாருடைய கருத்தையும் எடுத்துக்கொள்ள முடியாது, அந்தச் சேதி அவர்கள் உடம்பைவிட்டு இறங்கிய பிறகுதான் மறுபடி கூட்டம் என்று அதிகாரி சொல்லிவிட்டு எழுந்தார். முகாமை மூடச் சொன்னார். செசிலி மாதிரி உயிருக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் ஊசி.

குளம் அப்போதைக்குத் தப்பியது. மற்ற பெண்களுக்குச் சேதி சிதைந்துவிடும், கோபம் திரும்பிவிடும். செசிலிக்கு மட்டும் மாதாமாதம். பூட்டைச் சரியாகப் பார்த்து வேறு சாவி செய்ய முடியும் என்று டாக்டர் சொன்னாள். எப்போது என்று கேட்டேன். செய்வார்கள் ஐயா என்றாள். நான் யாரையும் நம்பாதவன். அவளை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

வெயிலில் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். செசிலி எனக்கு ஒரு அடி பின்னால் வந்தாள். முன்பெல்லாம் எனக்கு முன்னால்தான் நடப்பாள், நான் மெதுவாக வருகிறேன் என்று திட்டிக்கொண்டே. மேட்டுத் திருப்பம் வந்ததும் கூப்பிட்டாள்.

“ஏங்க.”

“என்ன?”

“நான் சரியாப் பேசுனேனா?”

ஊர் பார்க்க அவளைப் பொம்மை மாதிரி எழுப்பி உட்காரவைத்தவன் நான். இதற்கு இவளிடம் பதில் சொல்லிப் பிரயோசனம் இல்லை. சரி என்றாலும் கேட்டுக்கொள்வாள், தப்பு என்றாலும் கேட்டுக்கொள்வாள். நான் பதில் சொல்ல வேண்டிய ஆள் வேறு, ‘யோவ்’ என்று கூப்பிடுகிறவள். அவள் வந்து என் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும்.

“நீ திரும்பி வந்ததும் சொல்றேன்” என்றேன்.

“சரிங்க” என்றாள்.